நாலில் ஒன்று

‘14.2.2006. இன்று ஒரு சிறு தவறு. இஃப்பத் பெயருக்கு நேராக “எழுத்து தெரியவில்லை” என்று எழுதிவிட்டேன். “பயப்படுகிறாள்” என்று எழுதியிருக்க வேண்டும்.’

பேனாவை மூடிய பிறகும் பானுப்ரியாவுக்கு மனசு ஆறவில்லை. லப்பைக்குடிக்காடு கடைத்தெரு மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் சாயங்கால வகுப்புக்கு அவள் டீச்சராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வகுப்பு முடிந்து அகரம்சீகூர் பஸ் வருவதற்குள், அன்றைக்குச் செய்ததையும் செய்யத் தவறியதையும் டைரியில் எழுதிவிடுவாள்.

யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர அங்கே ஒரு புரோகிராம் இருந்தது. ஹெட்போனில் ‘ம’ என்று ஒலிக்கும். திரையில் நாலு எழுத்து வரும். சரியானதைத் தொட்டால் கிளி ஒன்று பறந்து வரும், கைதட்டல் கேட்கும். தப்பானதைத் தொட்டால் ஓர் ஆண் குரல், “இல்லம்மா. நல்லாப் பாரு” என்று சொல்லும்.

அந்தக் குரல் பானுப்ரியாவுக்கே பிடிக்காது. பேசுவதற்கு முன் அது ஒரு மூச்சு இழுக்கும். நாற்காலிக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போலிருக்கும்.

மற்ற பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இஃப்பத் சிரிக்க மாட்டாள். அந்த ஐந்து வயதுப் பெண் தொட்டதெல்லாம் தப்பாகத்தான் போகும். குரல் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து அடுத்ததையும் தப்பாகத் தொடுவாள்.

சென்டர் முதலாளி இராமலிங்கம் பெரம்பலூர்க்காரர். “கண்ண மூடிக்கிட்டுத் தட்டுனாலும் நாலுல ஒண்ணு சரியா விழும்மா. இந்தப் புள்ளைக்கு அதுவும் விழ மாட்டேங்குதே” என்று கிண்டலடித்தார்.

ஆனால் விஷயம் கிண்டலோடு நிற்கவில்லை. சென்டர் சொல்வதை வைத்துத்தான் நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளை ஒண்ணாவதில் ஏற்றுவார்கள். இந்த வாரத்துக்குள் எழுத்து வராவிட்டால் இஃப்பத்துக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவளுடைய அம்மா ஜைனம்புவை ஒரு தடவை வரச் சொல்லுங்கள் என்று, தினமும் அழைத்து வரும் மாமி, அப்பாவின் தங்கை மர்ஜியாவிடம் பானுப்ரியா கேட்டுப் பார்த்தாள்.

“அவ இப்ப வாசப்படி தாண்டக் கூடாது டீச்சர். இன்னும் ரெண்டு மாசம் போவணும்” என்றாள் மர்ஜியா. உடனே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மாசமாக இருக்கிறாளாக்கும் என்று பானுப்ரியா நினைத்துக்கொண்டாள்.

அந்தக் குரலை எடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கி இராமலிங்கத்திடம் கேட்டாள். சவுதிக்குப் போன யாரோ விற்ற மெஷின்கள். போன வருஷம் புரோக்கர் மூலமாக நாலையும் மொத்தமாக வாங்கினாராம். புரோகிராம் உள்ளேயே இருந்ததாம், விற்றவரே செய்ததாம், சிடி எதுவும் கிடையாதாம். “புள்ள பயப்படுதுன்னா தூக்கிடும்மா” என்று முடித்துவிட்டார்.

மறுநாள் சீக்கிரமே வந்தாள். குரல் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து அழித்தாள். அதற்குப் பதிலாக ஒரு மணிச் சத்தத்தை வைத்தாள். நாலு மெஷினிலும் அப்படியே செய்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, எதுவும் விட்டுப்போகவில்லையே என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

இஃப்பத் வந்து உட்கார்ந்ததும் ஹெட்போனை மாட்டிவிட்டு, “இனிமே அந்த ஆளு வர மாட்டாரு, செல்லம். பயப்படாமப் போடு” என்றாள்.

முதல் எழுத்து தப்பு. மணி அடித்தது. இஃப்பத் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாவதும் தப்பு. மறுபடி மணி. இந்தத் தடவை வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றி உள்ளே பார்த்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அடுத்தது சரியாக விழுந்தது. கிளி பறந்தது. அதற்கடுத்ததும் சரி. பெரிய பிள்ளைகளே தடுமாறுகிற ழ, ள, ண எல்லாம் நிற்காமல் விழுந்தன. பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்டது. மற்ற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி எழுத்துவரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

இராமலிங்கம் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். நாளைக்கே பள்ளிக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். தான் செய்தது சரிதானா என்ற சந்தேகம் இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாகப் பானுப்ரியாவுக்கு வரவில்லை.

மர்ஜியா அழைத்துப் போக வந்து வாசலில் நின்றாள். இஃப்பத் ஹெட்போனைக் கழற்றாமலே டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“எல்லாத்தையும் சரியாப் போட்டுட்டேன் டீச்சர். எங்க அத்தாவ மறுபடியும் பேசச் சொல்லுங்க.”

மர்ஜியா அந்த நாலு மெஷினையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“எங்க அண்ணன் சவுதியில, தமாம்ல மவுத்தாகி, அங்கேயே அடக்கம் பண்ணி ரெண்டு மாசமாச்சே டீச்சர். ஜைனம்பு வாசப்படி தாண்டாம இருக்கிறது அதுக்குத்தானே” என்றாள்.

‘15.2.2006. நாளை: நாலு மெஷினையும் யாரும் தொட வேண்டாம் என்று சாரிடம் சொல்ல வேண்டும். அழித்ததைத் திரும்ப எடுக்கத் தெரிந்தவர் பெரம்பலூரில் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.’