இடி ஓயும் முன்னே

சுத்தியல் பறந்து வந்து, பளபளவென்று நின்ற காரின் வலது பக்க ஹெட்லைட்டைச் சுக்குநூறாக்கியது. வீசியவள் அக்கா. தம்பி அப்போதுதான் பட்டறை வாசலில் பைக்கை நிறுத்தினான்.

"அடியே! உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்பியது. கரகரப்பு ஏறியிருந்தும் தகரக் கூரை அதிர்ந்தது. அக்கா புருஷனை வேலையாட்கள் 'இடி' என்பார்கள். சும்மா வைத்த பெயரா அது?

வேலை நேரம்தான். ஆனால் கிரைண்டர், கம்ப்ரசர் எதுவும் ஓடவில்லை. ஆட்கள் தெருவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"அண்ணிதான் எல்லாத்தையும் நிறுத்திட்டு வெளிய போகச் சொன்னாங்க. அதான் உங்களுக்கு போன் போட்டேன். உள்ள கொலை விழுந்துடும் போல, சீக்கிரம் போங்க!" என்றான் பெயிண்டர்.

தம்பி உள்ளே ஓடினான். இடிக்குத் தொண்டையில் புற்றுநோய். நாளைக் காலையில் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அதற்கும் ஏற்பாடு செய்தாயிற்று. போன வாரம் ஆஸ்பத்திரியில் இடியை உட்காரவைத்து, 'தண்ணீர் வேண்டும்', 'வலிக்கிறது', 'மிக்க நன்றி' என்று அவர் குரலிலேயே பதிவு செய்து செல்போனில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தட்டினால் போன் பேசும். மனிதர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒப்பித்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் கேட்ட அக்கா ஓவென்று அழுதாள். பாவம், ஆபரேஷன் பயம் என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

இன்றைக்கு இதென்ன கூத்து?

"நான் கடைசியா முடிச்ச வண்டிடி அது! சாயந்தரம் வண்டிக்காரன் வந்து கேட்டா யாருடி பதில் சொல்றது? நாளைக்கு எனக்கு வாய் இருக்கா?" இடி பெயிண்ட் டப்பாவை எட்டி உதைத்தார். தரையெல்லாம் சிவப்பாக ஓடியது.

அக்கா அடங்கினாளா? "இவ்வளவுதானா உங்க வீரம்? தகரத்தைத் தட்டித் தட்டி மூளையும் தகரமாயிடுச்சு!"

"யாருகிட்டடி பேசற, மூதேவி? தோலை உரிச்சிடுவேன்!" ஸ்பேனர் ஒன்று பறந்து சுவரில் மோதி விழுந்தது.

தம்பி பாய்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "எங்கக்கா மேல கை வெச்சீங்க, நோயாளின்னுகூடப் பாக்க மாட்டேன், மாமா!"

இடியின் முழங்கை அவன் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவனும் விடவில்லை, நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு, அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் சாய்ந்தார்கள்.

"ஐயோ, அந்த டயர் பக்கம் போகாதீங்க!" என்று அக்கா அலறினாள்.

ஆள் சாகக் கிடக்கிறான், இவளுக்கு டயர் கவலை! டயர்கள் உருண்டு சரிந்தன. தம்பி எழுந்து அக்காவின் கையைப் பற்றினான். "போதும்க்கா, வா நம்ம வீட்டுக்கு. இந்த ஆளோட நீ இனிமே வாழ வேண்டாம்."

அக்கா கையை உதறினாள். டயர்களுக்கு நடுவே துழாவி ஒரு போனை எடுத்தாள். புடவைத் தலைப்பில் துடைத்து, ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்திவிட்டுத் தட்டினாள்.

"அடியே! உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று போன் முழங்கியது.

தம்பி கிழிந்த உதட்டோடு விழித்தான். அக்காவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டு வந்தது.

"மிக்க நன்றியாம், மிக்க நன்றி! இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? அப்படிப் பேசற யாரோ ஒரு ஆளோட நான் எப்படிங்க குடும்பம் நடத்துவேன்?"

இடி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். போனைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து சுத்தியலைப் பொறுக்கி அவள் கையில் திணித்தார்.

"இடது பக்க லைட்டு இன்னும் பாக்கி இருக்கு, உடைடி!"