முதுகில் மூன்று கோடு

"அவ வந்துட்டா வெர்னன்! சீக்கிரம் வாங்க!"

போனில் ஒரு பெண் குரல். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் கட்டிலில் கிடக்கும் மனைவிக்குக் கேட்காது என்று வெர்னன் நினைத்தான். டார்லீனுக்கு எல்லாமே கேட்டது.

வெளியே வந்தவன் ஃபிளாஸ்கில் காபி நிரப்பினான். கப் மட்டும் இரண்டு எடுத்தான்.

"டயர் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

"இந்தக் குளிர்லயா?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அப்படிப்பட்ட காலையில் ஃபுளோரிடாக்காரன் எவனும் டயர் பார்க்கக் கிளம்ப மாட்டான். அவன் டிரக் முனை திரும்பியதும் டார்லீன் தன் காரை எடுத்தாள்.

இந்தக் குளிர்காலம் முழுக்க இதே கூத்துதான். குளிர் இறங்கினால் போதும், மனுஷன் விடிவதற்குள் மாயம். கேட்டால் டயர், பேட்டரி, பல்வலி. புளுகுவதற்குக்கூட ஒரு மூளை வேண்டாமா?

அது போகட்டும், மோட்டார் போட்டை ஏன் விற்றான்? யாரையும் தொடவிடாத போட். கோடையில் அவள் பிறந்தநாளுக்குத்தான் முதல்முறையாக ஸ்டீயரிங்கைக் கொடுத்தான். முடி பறக்க, ஆறே அதிரச் சிரித்துக்கொண்டு விரட்டினாள். 'மெதுவாகச் செல்' பலகை வந்ததும் போனதும் தெரியவில்லை. திடீரென்று அடியில் ஒரு தட்டு. வெர்னன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "கட்டைதான், டார்லீன்" என்று சொல்லி ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டான். அடுத்த வாரமே போட்டை விற்றுவிட்டான். அந்தக் காசு இப்போது எவள் கழுத்தில் தொங்குகிறதோ!

ஒருமுறை அவள் கார்ச் சக்கரத்தில் ஓர் ஆமை மாட்டிச் செத்தது. நாள்கணக்கில் சாப்பிடாமல் அழுதுகொண்டே கிடந்தாள். அப்போது மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்த அதே கைதான் இன்றைக்கு இன்னொருத்திக்குக் காபி ஊற்றப் போகிறது.

டிரக் ஊற்றுப் பூங்காவுக்குள் திரும்பியது. டார்லீன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் இறுக்கினாள். அவன் மூஞ்சியிலேயே விட்டெறிய வேண்டும்.

தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மரப்பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து வெர்னன் அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒருத்தி அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"கையை எடுடி!"

அவள் திரும்பினாள். எழுபது வயதிருக்கும். பூங்காத் தொண்டர் தொப்பி, பல்செட்.

"இந்தக் கிழவிக்காகவா வெர்னன்?"

கிழவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என் முழங்காலைப் பாத்துட்டுமா இந்தச் சந்தேகம்? என் பேரு ஓபல், கண்ணு. உன் வீட்டுக்காரரோட ஆளு நான் இல்ல. அதோ, தண்ணிக்குள்ள இருக்கா பாரு."

தெளிந்த ஊற்றுநீரில் சாம்பல் நிறக் கட்டைகளைப் போலக் கடற்பசுக்கள் மிதந்தன. ஆறு குளிர்ந்துவிட்டதால் வெதுவெதுப்பான ஊற்றைத் தேடி வந்திருந்தன. அவற்றில் ஒன்று குட்டியை ஒட்டி மெல்லப் புரண்டது. முதுகில் ஆழமாக மூன்று கோடு.

"போட் விசிறி கிழிச்ச முதுகுத் தழும்பை வெச்சுத்தான் நாங்க ஒவ்வொண்ணையும் அடையாளம் கண்டுபிடிப்போம்" என்றாள் ஓபல். "இவளுக்காகத்தான் வெர்னன் குளிர் விழுந்த நாள்லேர்ந்து வந்து வந்து நின்னார். இன்னைக்குத்தான் வந்திருக்கா, மகராசி."

டார்லீனுக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் கூடியது.

"ஒரு மாட்டுக்காகவா என்கிட்ட இத்தனை பொய்? என்னைக் கூட்டிட்டு வந்தா உன் ராணி கோச்சுக்குவாளா?"

"வீட்டுக்குப் போலாம், வா."

"இரு, நல்லாப் பாத்துக்கறேன்." குனிந்தவளின் பார்வை அந்தக் கோடுகளில் நின்றது. குரல் இறங்கிவிட்டது. "ஐயோ, எப்படிக் கிழிச்சிருக்கு! எந்தப் பாவி போட்டை ஏத்தினான்? அவன் கை விளங்குமா?"

"டார்லீன், போதும்!"

"திட்டாத கண்ணு" என்றாள் ஓபல். "அதான் அன்னைக்கே அவரே எங்களுக்குப் போன் பண்ணி ஒத்துக்கிட்டாரே. உனக்குத் தெரியாதா?"

டார்லீன் நிமிர்ந்தாள். "நீயா?"

வெர்னன் தண்ணீரையே பார்த்தான். அவள் மோதிரத்தை ஓங்கினாள். "மிருகம்! அதை மறைக்கத்தான் போட்டை வித்தியா? என்னைக்கு நடந்துச்சு? சொல்லு!"

"ஓபல், வேண்டாம்" என்றான் வெர்னன்.

ஓபல் அவனுக்காகப் பரிந்து பேச ஆரம்பித்துவிட்டிருந்தாள். "வேணும்னேவா செஞ்சார்? பொண்டாட்டிக்குப் பிறந்தநாள்னு ஆத்துக்குப் போனாராம். 'நான்தான் வேகமா ஓட்டிட்டேன், நான்தான் ஓட்டிட்டேன்'னு போன்ல ஒரே அழுகை."

ஓங்கிய கை அப்படியே நின்றது. மோதிரம் நழுவி மரப்பலகையில் உருண்டது. டார்லீன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"வெர்னன்... அன்னைக்கு அடியில தட்டினது..."

அவன் குனிந்து மோதிரத்தை எடுத்தான். அவள் விரலில் மெதுவாகப் போட்டுவிட்டான்.

"கட்டைதான், டார்லீன்."