விட்டுப்போன பத்தி

"அந்தப் பத்தியை மட்டும் விட்டுட்டாரே!" மேடைக்குப் பின்னால் தலைவரின் உதவியாளர் தலையில் அடித்துக்கொண்டார். "போர்ல செத்த பையன், வாசலையே பார்த்துட்டிருக்கிற அம்மா... கேட்டிருந்தா கூட்டம் மொத்தமும் கதறியிருக்கும். மறுநாளே பட்டாளத்துல சேர ஆள் வந்து குவிஞ்சிருக்கும்!"

உரையை எழுதியவர் மேடைப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வயிறு எரியலையா சார்? நிஜப் பேரோட, நெஞ்சைப் பிழியற மாதிரி வேணும்னு நச்சரிச்சு வாங்கினேன். பேரைக்கூட கடைசி நிமிஷத்துலதான் சேர்த்துக் கொடுத்தீங்க, நான் பார்க்கக்கூட இல்ல. எல்லாம் விழலுக்கு இறைச்ச நீராப் போச்சு!"

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். எழுதியவர் ஓடிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி ஐயா!"

விட்டதற்கா நன்றி? உதவியாளர் திருதிருவென்று விழித்தார்.

"அழ வைக்கிற மாதிரி கேட்டா, உங்க வீட்டையேவா எழுதிக் கொடுப்பீங்க?" தலைவர் கேட்டார். "பையனோட அப்பான்னு உங்க பேரைப் பார்த்ததும் எனக்கு நாக்கே எழும்பல."

"அடுத்தவங்க வீட்டுத் துக்கத்தைத் தொட மனசு வரல ஐயா." எழுதியவர் கண்களைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். "இதைக் கேக்க முடியாதுன்னு அவன் அம்மா டிவியை அணைச்சு வெச்சிருக்கா. போடச் சொல்லிடறேன்."