தள்ளுபடி ஆடிட்டர்

“அந்த மனுஷன் மறுபடியும் லைன்ல, சார். கையெழுத்துப் போட மாட்டாராம்.”

டைப்பிஸ்ட் அம்மா போனை நீட்டியதும் ஆடிட்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

பின்னே? வரி பாக்கி வைத்துவிட்டு, பாத்திரக்கடையை இழுத்து மூடிவிட்டு வெளிநாட்டுக்குப் போன ஆள். மாநில வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் மேல் நோட்டீஸ் போயும் இத்தனை வருஷம் மூச்சு விடவில்லை. பழைய பாக்கியைக் கட்டினால் அபராதம் தள்ளுபடி என்று அரசாங்கம் சொன்னதும் ஓடி வந்துவிட்டார். சலுகைக்கு இன்றுதான் கடைசி நாள். இன்றைக்குப் போய் முறுக்கிக்கொள்கிறார்.

இந்த மாதிரி விண்ணப்பம் எழுதுவதில் ஆடிட்டர் புலி. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே தள்ளுபடி ஆடிட்டர்தான். அவர் எழுதிக் கொடுத்து ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போனில் முகம் தெரிந்தது. பின்னால் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள்.

“என்ன சார், கடைசி நேரத்துல கழுத்தறுக்கறீங்க?”

“வரி கட்டாததுக்குக் காரணம்னு ஒரு இடம் இருக்குல்ல சார். அதுல ‘கணக்கர் செய்த தவறு’ன்னு போட்டிருக்கீங்க.”

“எல்லாருக்கும் அதான் போடறேன். அப்படிப் போட்டாதான் அபராதம் முழுசா தள்ளுபடி. உங்க தப்புன்னு எழுதினா பாதியைக் கட்டணும். ஏன், வெளிநாட்டுக் காசு ரொம்பச் சேந்துபோச்சா?”

“நீங்க வேற சார். இங்க பெட்டி தூக்கற வேலை. ஒரு தடவை ஊருக்கு வந்து பிள்ளைங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு டிக்கெட்டுக்குச் சேத்து வெச்சிருக்கேன். அதைப் போட்டுக் கட்டிடறேன். என் தப்புன்னே எழுதுங்க.”

ஆடிட்டர் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்து, ‘முத்திப்போச்சு’ என்று கையால் காட்டினார்.

“கணக்கு எழுதினது யாரு, உங்க மச்சினியா? இவ்வளவு துடிக்கறீங்க.”

“சொந்தமெல்லாம் இல்ல சார். வேலைக்கு வந்த பொண்ணு. வரியைக் கட்டிடலாம், கட்டிடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிச்சு. நான்தான் அந்தப் பணத்தை எடுத்துக் கடன்காரனுக்குக் குடுத்தேன். இப்ப ஒரு ஆஸ்பத்திரியில கணக்குப் பாக்குது. வீட்ல அதோட சம்பளம் ஒண்ணுதான்.”

“அட, அந்தப் பொண்ணை யாரு ஜெயில்ல போடப்போறா? பேரைக்கூடப் போடலையே. இதெல்லாம் சம்பிரதாயம் சார்.”

“பேர் எதுக்கு சார்? ஒரு கடைக்கு ஒரு கணக்கர். ஆபீஸ்ல ஒரு கிளார்க் படிச்சாப் போதும், சாயங்காலத்துக்குள்ள கடைத்தெரு பூரா தெரிஞ்சிடும்.”

“நீங்களா எதையாவது கற்பனை பண்ணாதீங்க.”

“கற்பனை இல்ல சார். முன்னாடி ஒரு தடவை இதே மாதிரி சலுகை வந்துச்சே, அப்ப ஒரு மரக்கடை முதலாளி இதையேதான் எழுதிக் குடுத்தார். அவர்கிட்ட இருந்த கணக்கரை அப்புறம் எவனும் வாசப்படி ஏத்தல. பொண்டாட்டி நகையை அடகு வெச்சு, தெரியாத தொழில்ல இறங்கி, அதுவும் முழுகி, ஊரை விட்டே போயிட்டான்.”

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

மரக்கடை நன்றாக நினைவிருந்தது. அவருடைய முதல் தள்ளுபடியே அதுதான். முதலாளி சந்தோஷமாகக் கொண்டுவந்து வைத்த பழக்கூடைகூட நினைவுக்கு வந்தது. அந்தக் கணக்கர் முகம்தான் வரவில்லை. அவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

“என்ன தொழில்ல இறங்கினான்?”

கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“பாத்திரக்கடை சார்.”

டைப்பிஸ்ட் அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஆடிட்டருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“அம்மா, அந்தக் காரணத்தை எடுத்துடுங்க. ‘தவறு முழுவதும் என்னுடையது, கணக்கருக்கு இதில் பங்கில்லை’ன்னு அடிங்க.”

அவள் அடித்து முடித்ததை ஆடிட்டர் ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“ஊர்ல வேற ஆடிட்டரே இல்லையா சார்? இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு ஏன் என்கிட்ட வந்தீங்க?”

போனில் வந்த குரலில் கோபம் இல்லை.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு ஆபீஸ்ல நம்பணுமே சார். நீங்க எழுதினா நம்புவாங்க. என்மேலதான் தப்புன்னு நீங்க எழுதினதையே நம்பினாங்களே.”