பட்டை சொன்ன பிள்ளை

வனப்பூங்காவின் மான்கூட்டத்தைப் பார்க்க அவ்வளவு நெரிசல். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஜோடியாக மாட்டிவிடும் கைப்பட்டையில் பச்சை எரிந்தால் பிள்ளை பக்கத்தில் என்று அர்த்தம். யாரும் முகம் பார்ப்பதில்லை. சுகந்தியும் பச்சையைப் பார்த்துத்தான் அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்தாள். பிறகு குனிந்தாள். மகள் நிலானி இல்லை. யாரோ ஒரு சிறுவன்!

சற்றுமுன் குழாயடியில் நிலானிக்கும் பக்கத்தில் நின்ற இந்தச் சிறுவனுக்கும் சேர்த்துக் கை கழுவிவிட்டவள் அவள்தான். கழற்றிய பட்டைகளை மாற்றி மாட்டிவிட்டாள்.

காவலரிடம் ஓடினாள். "என் பொண்ணைக் காணோம்! கேட்டை மூடுங்க!"

அவர் திரையைப் பார்த்தார். "உங்க குழந்தை பக்கத்துலயே நிக்குதே மேடம்?"

"ஐயோ, இது என் குழந்தையே இல்லைங்க!"

"பட்டை அப்படிச் சொல்லலையே. பிள்ளை அம்மாவை விட்டு விலகினா கேட் தானா மூடிக்கும். நம்ம கையில ஒண்ணும் இல்லை."

பார்த்து முடித்தவர்களை ஏற்றிய பேருந்துகள் வாசலை நோக்கி நகர ஆரம்பித்திருந்தன.

சுகந்தி கணவனை உலுக்கினாள். "என்னங்க, இந்தப் பையனைத் தூக்கிட்டு ஓடுங்க!"

"எங்கடி?"

"எங்கயாவது! என்னை விட்டுத் தூரமா!"

ரத்தினவேல் பையனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். அவள் பட்டை சிவந்து அலறியது. வாசல்கள் படாரென்று மூடின. முன்னால் போன பேருந்து கிறீச்சிட்டு நின்றது.

அதன் கடைசி இருக்கையில், பட்டையில் பச்சை எரியும் ஒருத்தியின் பக்கத்தில், ஒரு சிறுமி விக்கி விக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவங்க எங்கம்மா இல்ல..."