கடைசியாக நன்றாக இருந்த நேரம்

“கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?”

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டரம்மா கேட்டது இவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார்.

அவர் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது. எந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிட்டாலும் ‘எப்ப நின்னுச்சு?’ என்றுதான் ஆரம்பிப்பார். ‘தெரியலைங்க’ என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. ‘தினம் ஏறி இறங்குறீங்க, இதுகூடவா தெரியாது?’ என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் கருவிப் பையையே திறப்பார்.

ஸ்ட்ரெச்சரில் மனைவி கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமான்போல் இருந்தது. கண்கள் மட்டும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளைக் கேட்டால் நொடியில் சொல்லிவிடுவாள். பேச்சு போய்விட்டது.

“பதினோரு மணிக்குப் பார்த்தோம் டாக்டர். சமையல்கட்டு நாற்காலியில சரிஞ்சு கிடந்தாங்க,” என்றாள் மகள்.

“அது நீங்க கண்டுபிடிச்ச நேரம்மா. நல்லாப் பேசி, நடந்து பார்த்தது எப்ப?”

கேட்பதற்குக் காரணம் இருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தம் கட்டியாக அடைத்திருக்கிறது. அதைக் கரைக்க ஊசி உண்டு. அடைத்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் கையும் பேச்சும் திரும்பி வர வாய்ப்பு அதிகம். தாமதமானால், ரத்தமில்லாமல் கிடந்த இடம் நைந்துபோயிருக்கும். அப்போது கட்டியைக் கரைத்துவிட்டால் அந்த நைந்த இடத்தில் ரத்தம் கசியும். பிழைக்க வைக்கிற ஊசியே ஆளை முடித்துவிடும்.

அதனால்தான் மணி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. காலை முழுக்க அப்பாவும் மகளும் வீட்டில்தான் இருந்தார்கள்.

“உன்கிட்ட ஏதாவது பேசினாளா?”

“நான் ஹெட்போன் போட்டிருந்தேன்ப்பா. உங்ககிட்ட?”

“டிவி ஓடிட்டிருந்துச்சு.”

ஏழு மணிக்கு அவர் எழுந்து வந்தபோது ஃபிளாஸ்கில் டீ இருந்தது. சூடாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஃபிளாஸ்க் விடியற்காலையில் ஊற்றியதை மதியம்வரை சூடாக வைத்திருக்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மகளின் சட்டை தேய்த்துக் கதவில் தொங்கியது. நேற்றே தேய்த்திருக்கலாம். மேசையில் சாப்பாடு மூடி வைத்திருந்தது. எடுத்துச் சாப்பிட்டார்.

வீடு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மட்டும் எதையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அவள் கடைசியாகப் பேசியதாக நிச்சயமாகச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. நேற்றிரவு, விளக்கை அணைக்குமுன், “கதவைப் பூட்டிட்டீங்களா?” என்று கேட்டாள்.

அந்தக் கணக்கில் ஊசி கிடையாது.

மகள் அவர் காதருகே குனிந்தாள். “ஒன்பது மணிக்குப் பேசினாங்கன்னு சொல்லிடுங்கப்பா. யாருக்குத் தெரியப்போகுது?”

ஒன்பது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் ஊசி உண்டு. உண்மையில் அடைத்தது விடியற்காலையாக இருந்தால், அந்த ஊசியைப் போட்டுக் கொன்றது அவராக இருக்கும்.

“தெரியலை டாக்டர்,” என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. ‘ஒரே வீட்டில்தானே இருந்தீர்கள்’ என்று கேட்கவுமில்லை. கேட்டிருக்கலாம்.

“சரி, நீங்க பார்க்கலைன்னா அவங்க மூளையையே கேட்டுடலாம்,” என்றார். “ஸ்கேன்ல ரெண்டு விதமா படம் எடுப்போம். சுவருக்குள்ள தண்ணிக் குழாய் உடைஞ்சா உள்ளே உடனே நனைஞ்சுடும். வெளிச் சுண்ணாம்புல கறை தெரிய நேரமாகும், இல்லையா? முதல் படம் உள்ளே பார்க்கும். அதுல அடைச்ச இடம் சில நிமிஷத்துலயே வெள்ளையா தெரியும். ரெண்டாவது படம் கறையைப் பார்க்கும். அதுல தெரிய பல மணி நேரமாகும். ரெண்டுலயும் இருந்தா பழசு. முதல் படத்துல மட்டும் இருந்தா புதுசு.”

சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தடித்த கதவு மூடியது. உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் இயந்திரம் சத்தம் போட்டது. மகள் நகத்தைக் கடித்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

சத்தம் நின்று கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா பாதி ஓட்டமாக வந்தார்.

“முதல் படத்துல இருக்கு. ரெண்டாவதுல சுத்தமா ஒண்ணுமில்லை. புதுசுதான், நாலரை மணி நேரத்துக்குள்ள. ஊசி போடறோம்.”

மகள் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். “அப்பா! நேரம் இருக்காம்ப்பா!” அழுதாள், சிரித்தாள்.

மணி பன்னிரண்டு. அவர் பின்னோக்கி எண்ணிப் பார்த்தார். ஏழரை.

அப்படியென்றால் அவர் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தபோது அவள் நன்றாக இருந்திருக்கிறாள். சமையல்கட்டில் நடமாடியிருக்கிறாள். எட்டு மணிச் செய்தி எட்டேகாலுக்கு முடிந்ததும் அவர் சாப்பிட்ட தட்டைப் போட உள்ளே போனார். அவள் முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ‘உப்பு கம்மி’ என்றார். அவள் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தார். கோபம் வந்தால் அவள் அப்படித்தான் இருப்பாள். அவரும் அப்படியே விட்டுவிட்டு டிவிக்குத் திரும்பிவிடுவார்.

“எட்டேகால்,” என்றார்.

“என்னப்பா?”

“எட்டேகாலுக்கே அவளால பேச முடியலை.”