நாலு பத்துக்கு வந்த போன்

அன்று காலை உள்விளையாட்டு அரங்கத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர். விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி, இறந்துபோன தையல்காரரின் மனைவி, அரங்கப் பொறுப்பாளன், அவன் மனைவி, அவனைப் பெற்ற பெரியவர். ஆறாவதாக நின்று கேட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

பெரியவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், பரிசு வாங்க வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வரும் வழியில் மகனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. குடும்ப மானத்தை நான் பாத்துக்கறேன்."

கூடைப்பந்து வளையங்கள் கூரைக்கு ஏற்றப்பட்டிருந்தன. வெள்ளத்தில் பத்தொன்பது நாள் ஊர் படுத்துக் கிடந்த பாய்கள் மூலையில் குவிந்திருந்தன. நாளை மறுநாள் இதே தரையில் பள்ளித் தேர்வு. அடுத்த வாரம் யாருக்கோ கல்யாண வரவேற்பு.

பெரியவர் மட்டும் அந்தப் பத்தொன்பது நாளில் ஒரு நாளும் இங்கே வந்ததில்லை. ஏற்றிப்போக வந்த லாரியை, "ஊரோட பாய் விரிச்சுப் படுக்கற குடும்பம் இல்லை இது" என்று திருப்பி அனுப்பிவிட்டு மாடியிலேயே இருந்துகொண்டவர்.

அதிகாரி இன்னொரு நாற்காலி தேடினாள். "எனக்கு வேணாம்மா. பாயே பழகிப்போச்சு" என்று தையல்காரரின் மனைவி கீழே ஒரு பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"வெள்ளம் வந்த அன்னைக்கு விடியக்காலை அஞ்சு மணிக்குக் கதவு திறந்திருக்கணும்" என்று அதிகாரி பொறுப்பாளனிடம் ஆரம்பித்தாள். "நாலரைக்கே வாசல் படியில மழையில நனைஞ்சுக்கிட்டு நூறு பேர். இருக்கறது ஒரே சாவி, அது உங்க இடுப்புல. நீங்க வந்து திறந்தது ஏழே முக்காலுக்கு. அதுக்குள்ள..."

"விறைச்சுப் போயிட்டாரு" என்றாள் தையல்காரரின் மனைவி, கடை சாத்தும் நேரத்தைச் சொல்வது போல. "யாரோட பிள்ளையோ, தோள்ல வெச்சிருந்தாரு. பிள்ளையை வாங்கிக்கிட்டாங்க. அப்புறம்தான் உக்காந்தாரு."

அதிகாரி பொறுப்பாளன் பக்கம் திரும்பினாள்.

"பயந்து ஓடிட்டீங்கன்னு புகார் வந்திருக்கு. ஓடினீங்களா?"

"இல்லைங்க."

"சரி, போறவர் சாவியையாவது யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கலாமே?"

மகன் தரைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நம்ம பொறுப்பை இன்னொருத்தன் கையில குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வளர்த்தாங்க. அரை மணியில வந்துடலாம்னுதான் போனேன். திரும்பறப்போ பாலம் மூழ்கிடுச்சு. நீந்தித்தான் வந்தேன்."

பக்கத்தில் மருமகள் கைகளை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ள வாரம் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு வேலையிலேயே கிடந்தவள். பிளீச்சிங் பவுடரில் வெந்த தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

அதிகாரி பதிவேட்டைப் பிரித்தாள். கதவோ, விளக்கோ, போனோ, எதுவானாலும் நேரம் போட்டு எழுதுவது அரங்கத்து வழக்கம். "'நாலு பத்து. வீட்டிலிருந்து போன். உடனே வரச் சொல்லி. கிளம்பினேன்.' இது உங்க கையெழுத்துதானே? கூப்பிட்டது யாரு?"

மகன் இடுப்புச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. சொல்லலைன்னா ஓடினதாத்தான் எழுதணும். அறிக்கை இன்னைக்கு சாயங்காலம் போகுது. வேலை போறது மட்டும் இல்லை, கேஸும் ஆகும்."

"இதுல கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றாள் தையல்காரரின் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. "ஊருக்கே தெரியும். பொண்டாட்டி அழுதுக்கிட்டே கூப்பிட்டா. இவரு முந்தானையைப் பிடிச்சுக்கப் போயிட்டாரு."

"ஆமா" என்றாள் மருமகள். "நான்தான் கூப்பிட்டேன். பயமா இருந்துச்சு."

மகன் சட்டென்று திரும்பினான். "நீ எதுக்குடி..."

"சும்மா இருங்க. மாமா முன்னாடி சண்டை வேணாம்."

அதிகாரி எழுதத் தொடங்கினாள். பேனா காகிதத்தில் உரசுவது அந்தப் பெரிய கூரைக்குக் கீழே தெளிவாகக் கேட்டது.

மூன்று வாரமாக ஊர் இதைத்தான் பேசியது. பெரியவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா என்று இருந்துவிட்டார். இப்போது அதுவே எழுத்திலும் ஏறுகிறது. ஓடினான் என்ற பேர் இல்லாமல் மகனுக்கு வேலை நிலைக்கும். அவருக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. சம்மணமிட்ட கால் மரத்துப்போவது போல நெஞ்சு மரத்துக் கிடந்தது.

தையல்காரரின் மனைவி மருமகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"கை என்ன இப்படி உரிஞ்சிருக்கு? வா, இப்படி வந்து உக்காரு. எண்ணெய் வெச்சிருக்கேன்."

பெரியவர் எழுந்தார். அதிகாரியிடம் போகப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் பாயருகே வந்து, முட்டியில் கையூன்றி, மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"எழுதினதை அடிச்சிடுங்கம்மா. அவ அன்னைக்கு வீட்டுலயே இல்லை. லாரியைத் திருப்பி அனுப்பிட்டு, தண்ணி ஏறினதும் பயந்துபோய்க் கூப்பிட்டது நான்."